தரைக்குள் ஒரு நாண்

அப்பா லண்டன் வந்த நான்காம் நாள். செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தின் மேல்தளத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து வலிக்குமே என்று நான் கவலைப்படும் அளவுக்கு நேரமாயிற்று. பிறகு பார்வையை மெல்லக் கீழே கொண்டுவந்து, இரும்பு வளைவு பக்கச் சுவரோரம் தரையில் வந்து இறங்கும் இடத்தில் நிறுத்தினார்.

“ஏம்மா, இம்புட்டுப் பெரிய ஆர்ச்சு. இதோட உதைப்பு எங்க போகுது?”

அப்பா சாத்தூர்ப் பக்கம் நாற்பது வருடம் கொத்தனாராகவும் பிறகு மேஸ்திரியாகவும் வேலை பார்த்தவர். நான் கட்டுமானப் பொறியியல் படித்தவள். அந்தக் கட்டடத்தைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆண்டுகளும் பெயர்களும்தான். அவர் கேட்டது கட்டடத்தின் உயிர்நாடியான கேள்வி. அதற்குப் பதில் சொல்லப்போய்த்தான் இந்த நிலையத்தை நான் ஒழுங்காகப் படித்தேன்.

வளைவு வேலை பார்த்தவர்களுக்கு உதைப்பு என்றால் தெரியும். சாதாரண உத்தரத்தின் எடை நேராகக் கீழே இறங்கும். வளைவின் எடை அப்படி இறங்காது. இரண்டு காலையும் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரர் ஆசைப்பட்டு முகப்பில் அகலமான வளைவு வைத்தார். தூண்கள் மெலிசு. இரண்டே வருடத்தில் தூண் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து, வளைவின் உச்சியில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதைப் பிரித்து, பக்கத்தில் முட்டுச்சுவர் கொடுத்துத் திரும்பக் கட்டியவர் அப்பா. அந்தக் கண்ணோடு பார்க்கிற ஒருவருக்கு செயின்ட் பாங்க்ரஸின் ரயில் கொட்டகை நம்ப முடியாததாகத்தான் இருக்கும். சுமார் 240 அடி அகலம், அதாவது 73 மீட்டர். தண்டவாளத்திலிருந்து உச்சி 100 அடி. நீளம் ஏறக்குறைய 690 அடி. நடுவில் ஒரு தூண் கிடையாது. குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பி ஒன்றுகூடக் கண்ணில் படாது. 1868-ல் திறந்தபோது ஒரே வீச்சில் கட்டிய கூரைகளில் உலகிலேயே பெரியது இதுதான்.

இவ்வளவு பெரிய ஒன்றை நான் இரண்டு வருடம் பார்க்காமலேயே இருந்திருக்கிறேன். ஷெஃபீல்டில் படித்தபோது லண்டனுக்கு வரும் ரயில் இந்த நிலையத்துக்குத்தான் வரும். ஆனால் அந்த ரயில்கள் நிற்பது பழைய கொட்டகைக்கு வடக்கே புதிதாகச் சேர்த்த தட்டைக் கூரையின் கீழ். இறங்கினால் எதிரிலேயே நகரும் படிக்கட்டு, கீழே கடைகள், அப்புறம் சுரங்க ரயில். பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறவளுக்கு நின்று அண்ணாந்து பார்க்க என்ன காரணம் இருக்கிறது? வெளியே வந்தால் யூஸ்டன் சாலையில் சிவப்புக் கோட்டை மாதிரி ஒரு கட்டடம். அதுதான் நிலையம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது நிலையத்துக்கு முன்னால் கட்டிய ஹோட்டல். லண்டனில் பல வருடம் இருக்கும் நண்பர்கள் பலரும் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

கதை ஒரு கால்வாயில் ஆரம்பிக்கிறது. டார்பி நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மிட்லண்ட் ரயில்வேக்கு லண்டனில் சொந்த நிலையம் இல்லை. பக்கத்திலுள்ள கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு, வேறொரு கம்பெனியின் தண்டவாளத்தில் வாடகை கொடுத்து வந்துபோய்க்கொண்டிருந்தது. 1862-ல் லண்டனில் உலகக் கண்காட்சி நடந்தபோது கூட்டமும் நெரிசலும் தாங்க முடியவில்லை. சொந்தப் பாதை போட்டே தீருவது என்று முடிவெடுத்து, அடுத்த வருடமே நாடாளுமன்றத்தில் அனுமதியும் வாங்கிவிட்டார்கள்.

பாதை லண்டனுக்குள் நுழைய ரீஜென்ட்ஸ் கால்வாயைக் கடக்க வேண்டும். கிங்ஸ் கிராஸுக்குப் போகும் பாதை கால்வாய்க்கு அடியில் சுரங்கமாகப் போகிறது. மிட்லண்டின் பொறியாளர் வில்லியம் ஹென்றி பார்லோ மேலே போவது என்று முடிவு செய்தார். கால்வாய்க்கு மேல் பாலம் போட்டு வந்தால், அங்கிருந்து யூஸ்டன் சாலை கொஞ்ச தூரம்தான். அதற்குள் ரயிலைத் தெருமட்டத்துக்கு இறக்க முடியாது. அதனால் பிளாட்பாரம் தெருவுக்கு மேலே ஒரு மாடி உயரத்தில் அமைந்தது. இன்று அந்த நிலையத்தில் கண்ணுக்கு அழகாகத் தெரிவதில் பாதி அந்த ஒரு முடிவிலிருந்து வந்ததுதான்.

ஒரு மாடி உயரத்தில் பிளாட்பாரம் என்றால், அடியில் என்ன? முதலில் பாதைக்காகத் தோண்டும் சுரங்கங்களின் மண்ணைக் கொட்டி நிரப்பிவிடலாம் என்றுதான் திட்டம். லண்டன் நடுவில் அவ்வளவு பெரிய இடத்தை மண்ணுக்குக் கொடுப்பதா என்று யோசித்தபோது பீர் கண்ணுக்குத் தெரிந்தது. மிட்லண்ட் பாதையில்தான் பர்ட்டன் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர் நிலத்தடி நீரில் ஜிப்சம் அதிகம். அந்தத் தண்ணீரில் காய்ச்சிய பீருக்கு லண்டனில் ஏக கிராக்கி. பீப்பாய் பீப்பாயாக ரயிலில் வரும். அந்தப் பீப்பாய்களைக் குளிர்ச்சியாக அடுக்கி வைக்க ஒரு நிலவறை கிடைத்தால் கம்பெனிக்கு வாடகை, மதுபான ஆலைகளுக்கு வசதி.

நிலவறைக்குச் செங்கல் தூணும் செங்கல் வளைவும் வைப்பதுதான் அன்றைய வழக்கம். பார்லோ வைக்கவில்லை. செங்கல் தூண் தடிமனாக இருக்கும், பீப்பாய் அடுக்கும் இடத்தைத் தின்றுவிடும். அதற்குப் பதில் நூற்றுக்கணக்கான ஒல்லியான வார்ப்பிரும்புத் தூண்களை வரிசை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்கும் தேனிரும்பு உத்தரங்களைப் போட்டார். தூணுக்குத் தூண் இடைவெளி 14 அடி 8 அங்குலம். பர்ட்டன் பீப்பாய்க் கிடங்குகளின் கணக்கு அது. 1870-ல் பொறியாளர் கழகத்தில் வாசித்த கட்டுரையில் பார்லோவே இதைச் சொல்கிறார்: இந்தத் தளத்தின் ஏற்பாடு முழுவதற்கும் பீர் பீப்பாயின் நீளமே அளவுகோலாக ஆயிற்று என்று.

இதை முதலில் படித்தபோது உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன். கோயில் கட்டும் ஸ்தபதி கையில் ஒரு முழக்கோல் இருக்கும். கட்டடத்தில் உள்ள எல்லா அளவும் அந்தக் கோலின் மடங்காகவோ பின்னமாகவோ இருக்கும். இங்கே பீப்பாய்தான் முழக்கோல். அந்த அளவு கீழ்த்தளத்தோடு நிற்கவும் இல்லை. மேலே கூரையைத் தாங்கும் இரும்பு விலாக்களுக்கு இடையே உள்ள தூரம் 29 அடி 4 அங்குலம். சரியாக இரண்டு மடங்கு. ஐரோப்பாவே வியந்து பார்த்த கூரையின் தாளக்கட்டு, அடியில் உருட்டி வைத்த பீப்பாயிலிருந்து வந்தது.

பீர் ரயில் மேல்தளத்துக்குத்தான் வரும். நீரழுத்தத்தால் இயங்கும் லிஃப்ட் ஒன்று சரக்கு வண்டியை அப்படியே கீழே இறக்கிவிடும். மேலே முதல் வகுப்புப் பயணிகள் நடந்துகொண்டிருப்பார்கள், காலடியில் பீப்பாய் உருண்டுகொண்டிருக்கும். அப்படியே நூறு வருடம் போல நடந்தது.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருகிறேன்.

அகலமான கொட்டகையை இரண்டு மூன்று கூரைகளாகப் பிரித்துப் போடுவதுதான் வழக்கம். பக்கத்திலுள்ள கிங்ஸ் கிராஸைப் பார்த்தால் புரியும். லூயிஸ் கியூபிட் வடிவமைத்து 1852-ல் திறந்த நிலையம் அது. தலா 105 அடி அகலத்தில் இரண்டு வளைவுகள், நடுவில் ஒரு தடித்த சுவர், இரண்டு ஓரத்திலும் தடித்த சுவர். உதைப்பைச் சுவரின் எடையே வாங்கிக்கொள்கிறது. நல்ல, நேர்மையான கட்டடம். பார்லோவும் பல வளைவுகளாகப் பிரிக்கலாமா என்று யோசித்துப் பார்த்தார். அப்படிச் செய்தால் நடுவில் வரும் தூண் வரிசை கீழே நிலவறையைக் குத்திக்கொண்டு இறங்கும். பீப்பாய்க் கணக்கு கெட்டுவிடும். நிலையத்துக்கு அடியில் இன்னும் கீழே, சுரங்க ரயிலோடு இணைக்கும் ஒரு பாதையும் போகிறது. அதற்கு மேல் கனமான அஸ்திவாரம் போடுவதும் சிரமம்.

அப்போதுதான் அவர் ஒன்றைக் கவனித்தார். பிளாட்பாரத்தைத் தாங்க அவர் போட்ட தேனிரும்பு உத்தரங்கள் நிலையத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை முறியாமல் ஓடுகின்றன. வில்லை நினைத்துப் பாருங்கள். வளைத்த மூங்கில் விரிந்துகொள்ளத்தான் பார்க்கும். நாண் அதன் இரண்டு நுனியையும் இழுத்துப் பிடித்திருப்பதால் வில் வில்லாக நிற்கிறது. பிளாட்பாரத் தரை ஏற்கெனவே ஒரு நாண். மேலே ஒரு வில்லை வைத்து அதன் இரண்டு காலையும் தரையின் இரண்டு ஓரத்தில் பூட்டிவிட்டால் போதும். உதைப்பைத் தரையே வாங்கிக்கொள்ளும், பக்கச் சுவர்மேல் எதுவும் விழாது. நாணுக்கென்று தனிச் செலவு இல்லை, வில்லுக்கு மட்டும்தான் செலவு என்று பார்லோ தன் கட்டுரையில் கணக்குச் சொல்கிறார்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் குனிந்து தரையைப் பார்த்தார். ரயிலுக்குப் போகிறவர்கள் எங்களை விலக்கிக்கொண்டு போனார்கள். “அப்ப நாம நிக்கிறதுதான் இழுத்துப் பிடிச்சிருக்கா?” என்றார். ஆமாம் என்றேன். காலணியை ஒருமுறை தரையில் அழுத்திப் பார்த்தார். என்னவோ தெரியும் என்பதுபோல.

வில்லின் உச்சி முழு அரைவட்டமாக இல்லாமல் லேசாகக் கூர்ந்திருக்கும். காற்றைத் தாங்க அது உதவும் என்பதும் பார்லோ சொன்ன காரணங்களில் ஒன்று. அழகாகவும் இருக்கும் என்று நினைத்தார். வெயிலில் இரும்பு நீளும். கால் இரண்டும் கட்டுண்டு கிடப்பதால், உச்சி கொஞ்சம் மேலே எழும்பி, குளிர்ந்தால் திரும்ப இறங்கும். கூரை மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம். இந்தக் கூரையின் நுணுக்கமான கணக்குகளில் பார்லோவுக்குத் துணை நின்றவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ். தேம்ஸ் நதிமேல் உள்ள ஆல்பர்ட் பாலம் அவர் செய்ததுதான். இரும்பு டார்பிஷயரின் பட்டர்லி கம்பெனியிலிருந்து வந்தது. விலாக்களின் அடியில் கம்பெனி பெயரும் 1867 என்ற ஆண்டும் வார்ப்பாகப் புடைத்து நிற்பதை இன்றும் தடவிப் பார்க்கலாம். சக்கரத்தில் நகரும் பிரம்மாண்டமான மரச் சாரம் கட்டி, ஒரு பகுதி விலாவைப் பொருத்தியதும் சாரத்தை அடுத்த இடத்துக்கு உருட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்பா அதிகம் கேட்டது இந்தச் சாரத்தைப் பற்றித்தான். எத்தனை உயரம், எப்படி முட்டுக் கொடுத்தார்கள், மரம் எந்த மரம். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

பார்லோவைப் பற்றி இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 1879 டிசம்பர் 28 இரவு புயலில் ஸ்காட்லாந்தின் டே பாலம் ரயிலோடு சேர்ந்து ஆற்றில் விழுந்தது. அதை விசாரித்த மூவரில் அவரும் ஒருவர். அதற்குப் பதிலாகக் கட்டிய, இன்றும் ரயில் ஓடுகிற புதிய பாலத்தை அவரும் அவர் மகன் கிராஃபர்டும் சேர்ந்து வடிவமைத்தார்கள். காற்றின் வலு கட்டடத்தை என்ன செய்யும் என்பதை இந்தக் கூரையை வளைக்கும்போதே யோசித்தவர் அவர்.

இந்த நிலையத்தின் அழகைப் பேசும்போது அது யார் தலைமேல் எழுந்தது என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. நிலையமும் அதன் பாதையும் வந்த இடத்தில் சோமர்ஸ் டவுனின் ஒரு பகுதியும் ஏகர் டவுன் என்ற ஏழைக் குடியிருப்பும் இருந்தன. ஏகர் டவுன் அநேகமாக முழுதாகவே போய்விட்டது. வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. வார வாடகைக்கு இருந்தவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு பக்கத்துச் சேரிகளுக்குப் போனார்கள். பாதை பழைய செயின்ட் பாங்க்ரஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தின் வழியாகவும் வந்தது. புதைத்தவர்களைத் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. தோண்டிய விதத்தில் மரியாதைக் குறைவு என்று கூச்சல் எழுந்ததும், மேற்பார்வைக்கு ஓர் இளம் கட்டடக்கலைஞரை அனுப்பினார்கள். பின்னாளில் நாவலாசிரியராகப் பேர் வாங்கிய தாமஸ் ஹார்டிதான் அவர். அந்தத் தோட்டத்தில் ஒரு மரத்தைச் சுற்றிப் பழைய கல்லறைக் கற்களை நெருக்கி நட்டிருப்பார்கள். மரம் வளர்ந்து கற்களை விழுங்க ஆரம்பித்திருந்தது. ஹார்டி மரம் என்று அதற்குப் பெயர். 2022 டிசம்பரில் அது சாய்ந்துவிட்டது. நான் ஒரே ஒருமுறைதான் அதைப் பார்த்தேன். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. இவ்வளவு சத்தமான இடத்துக்குப் பக்கத்தில் அவ்வளவு அமைதி.

கொட்டகை வந்த பிறகு முன்னால் ஹோட்டல். 1865-ல் போட்டி வைத்தார்கள். ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வென்றார். கம்பெனி கேட்டதைவிடப் பெரிதாக வரைந்தவர், செலவும் மற்றவர்களைவிட அதிகம். ஆனாலும் அவருக்கே கொடுத்தார்கள். பக்கத்து நிலையங்களுக்கு வாடகை கொடுத்துக் கூசி நின்ற கம்பெனி, லண்டனில் தான் வந்து இறங்கிவிட்டதை ஊருக்கே காட்ட வேண்டும் என்று நினைத்திருக்கும். மிட்லண்ட் கிராண்ட் ஹோட்டல் 1873 மே 5 அன்று திறந்தது. முழு வேலையும் முடிய 1876 ஆயிற்று.

கோதிக் பாணி. கூர்வளைவு, கோபுரம், ஊசிமுனைகள், மேற்கு மூலையில் சரிவுப் பாதை ஏறி உள்ளே நுழையும் வளைவு, கிழக்கு மூலையில் 270 அடி உயர மணிக்கூண்டு. எனக்கு நீண்ட நாள் இந்த முகப்பு பிடிக்கவில்லை. பார்லோ ஒரு துளி இரும்பை வீணாக்காமல் செய்ததற்கு முன்னால் இவ்வளவு அலங்காரம் எதற்கு என்று தோன்றும். அப்பாவுக்கு நேர்மாறு. அவர் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று செங்கல்லைப் பார்த்தார், பிறகு சாலையைக் கடந்து வந்து சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று செங்கல்லைப் பார்த்தார். “வரி பிடிச்சிருக்கான் பாரு. ஒரு நூல் பிசகல” என்றார். நாட்டிங்ஹாமில் எட்வர்ட் கிரிப்பர் சூளையில் சுட்ட செங்கல் அது. ஒரே சீரான அளவு, கூர்மையான விளிம்பு, அடர் சிவப்பு. அதனால் கலவைச் சந்து மெல்லியதாக இருக்கும். மொத்தத்தில் ஆறு கோடிச் செங்கல் என்று கணக்குச் சொல்வார்கள். கல் அங்காஸ்டரிலிருந்து, கூரைப் பலகைக்கல் லெஸ்டர்ஷயரிலிருந்து. இரும்பு டார்பிஷயர், பீர் பர்ட்டன். மிட்லண்ட் ரயில்வே தன் ஊர்ச் சரக்கையெல்லாம் லண்டனில் ஒரே இடத்தில் கடை பரப்பியது மாதிரி. அந்தச் செங்கல்லை அப்பா கண்ணால் பார்த்த பிறகு எனக்கும் முகப்பின்மேல் இருந்த கோபம் போய்விட்டது.

ஸ்காட்டும் பார்லோவும் சேர்ந்து உட்கார்ந்து வரைந்த கட்டடமில்லை இது. முன்னால் ஹோட்டல், பின்னால் கொட்டகை, நடுவில் ஒரு ஒட்டு. பிளாட்பாரத்தில் நின்று தெற்கே பார்த்தால் ஹோட்டலின் முதுகு தெரியும். ஆனாலும் ஸ்காட் தன் நினைவுக் குறிப்பில் ஒன்று எழுதியிருக்கிறார். பார்லோ முன்கூட்டியே எதிர்பார்த்ததுபோல, தன் கூரையை ஏற்கெனவே கூர்வளைவாகவே வரைந்திருந்தார் என்று. இன்னொன்றும் எழுதினார்: லண்டனிலேயே சிறந்த கட்டடம் என்று பலர் சொல்கிறார்கள், என் கணிப்பில் இது எடுத்துக்கொண்ட வேலைக்கு ஒருவேளை மிஞ்சின நேர்த்தி என்று. ஆனால் உள்ளே பெரிய படிக்கட்டைப் பாருங்கள். இரண்டாகப் பிரிந்து மேலே சுழன்று ஏறும் அந்தப் படிக்கட்டின் அடியில் தாங்கும் இரும்பு உத்தரங்களை ஸ்காட் மூடவில்லை. வெளியே தெரியும்படியே விட்டு, அவற்றுக்கு அலங்காரம் செய்திருக்கிறார். பழைய டிக்கெட் அறைச் சுவரில் தூண்களைத் தாங்கும் கல்லில் என்ஜின் ஓட்டுநர், கார்டு, சிக்னல்காரர் என்று ரயில்வே ஆட்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சாமிக்கும் ராஜாவுக்கும் கிடைக்கிற இடம் அவர்களுக்கு.

ஹோட்டல் நன்றாக ஓடியது, கொஞ்ச காலம். முன்னூறு அறைக்கு விரல்விட்டு எண்ணும் அளவே குளியலறை. வேலைக்காரர்கள் தண்ணீரும் கரியும் சுமந்து மாடி மாடியாக ஏற வேண்டும். தீப்பிடிக்காத தடித்த கான்கிரீட் தளங்கள், பிறகு குழாய் பதிக்கவும் இடம் கொடுக்கவில்லை. 1935-ல் மூடிவிட்டார்கள். அப்புறம் ரயில்வே அலுவலகம், அப்புறம் ஒட்டடை.

1960-களில் இதை இடித்திருப்பார்கள். பக்கத்து யூஸ்டன் நிலையத்தின் முன்னால் நின்ற பிரம்மாண்டமான கல் வாயிலை எவ்வளவோ பேர் எதிர்த்தும் 1961-ல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்தது இதுதான் என்பது வெளிப்படை. கிங்ஸ் கிராஸோடு இதைச் சேர்த்துவிடலாம் என்று திட்டமும் வந்தது. கவிஞர் ஜான் பெட்ஜமன், கட்டடக்கலை வரலாற்றாசிரியர் நிக்கோலஸ் பெவ்ஸ்னர், விக்டோரியன் சொசைட்டி ஆகியோர் விடாமல் போராடினார்கள். சொசைட்டியின் செயலாளர் ஜேன் ஃபாசெட் என்ற பெண்மணி. போர்க்காலத்தில் பிளெட்ச்லி பார்க்கில் ரகசியக் குறியீடுகளை உடைக்கும் வேலை பார்த்தவர், பிஸ்மார்க் போர்க்கப்பல் போகும் திசையைக் காட்டிய செய்தியைக் கண்டுபிடித்தவர். ரயில்வே அதிகாரிகளின் கடிதங்களுக்கு அவர் எப்படிப் பதில் எழுதியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். 1967 நவம்பரில் இந்தக் கட்டடம் பாதுகாக்கப்பட்ட முதல் தரச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பெட்ஜமன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்க்கும் வெண்கலச் சிலை மேல்தளத்தில் இருக்கிறது. அப்பா அன்று நின்ற அதே மாதிரி நின்றுகொண்டிருக்கிறார்.

ஒரு கடிகாரக் கதையும் உண்டு. கொட்டகையின் தெற்கு முனையில் தொங்கிய பெரிய கடிகாரத்தை 1970-களில் ஓர் அமெரிக்கருக்கு இரண்டரை லட்சம் பவுண்டுக்கு விற்றார்கள். இறக்கும்போது கீழே விழுந்து சுக்குநூறாகிவிட்டது. ஓய்வுபெறும் வயதிலிருந்த ஒரு ரயில்வே ஊழியர் 25 பவுண்டு கொடுத்து அந்தத் துண்டுகளை வாங்கி, நாட்டிங்ஹாம்ஷயரில் தன் வீட்டுக் களஞ்சியச் சுவரில் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பொருத்தினார். நிலையத்தைப் புதுப்பித்தபோது, முதல் கடிகாரத்தைச் செய்த டென்ட் கம்பெனியே அவருடைய துண்டுகளைப் பார்த்து அளவெடுத்துப் புதிய கடிகாரம் செய்தது. இன்று தொங்குவது அது.

புதுப்பித்தது ஐரோப்பா போகும் யூரோஸ்டார் ரயிலுக்காக. அந்த ரயிலின் நீளம் 400 மீட்டர். பார்லோவின் கொட்டகை 210 மீட்டர். அதனால்தான் வடக்கே அந்தத் தட்டைக் கூரை, நான் இரண்டு வருடம் வந்து இறங்கிய இடம். விலாக்களுக்கு வெளிர்நீல வண்ணம், பழைய பூச்சு அடுக்குகளைச் சுரண்டி ஆராய்ந்து எடுத்தது. 2007 நவம்பர் 6 அன்று எலிசபெத் அரசியார் திறந்து வைத்தார். ஹோட்டல் 2011 மே 5 அன்று முறைப்படி மறுபடியும் திறந்தது. முதலில் திறந்த அதே தேதி, 138 வருடம் கழித்து.

இந்தப் புதுப்பிப்பில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பயணிகள் கூடம், கடைகள், குடியேற்றச் சோதனை எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். மேலே இடமில்லை. பீப்பாய் நிலவறை சும்மா கிடந்தது. மேல்தளத்தில் நீளமான திறப்புகளை வெட்டி, கூரையின் வெளிச்சத்தைக் கீழே விட்டு, நிலவறையையே கூடமாக்கினார்கள். கேட்க எளிது. ஆனால் அந்தத் தரைதான் நாண். கண்டபடி வெட்டினால் மேலே 140 வருடமாக நிற்கும் வில் காலை விரித்துவிடும். எங்கே வெட்டலாம், இழுப்பை எந்த வழியாகச் சுற்றிக் கொண்டுபோகலாம் என்று ஒவ்வோர் உத்தரத்துக்கும் கணக்குப் போட்டுத்தான் வெட்டியாக வேண்டும். என் தொழிலில் இருப்பவர்கள் அந்த வரைபடங்களின்மேல் எத்தனை இரவு உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் வார்ப்பாகப் புடைத்து நிற்கவில்லை.

அப்பா ஊருக்குத் திரும்பும் அன்று விமானம் இரவில். மதியம் எங்கே போகலாம் என்று கேட்டேன். “அந்த டேசனுக்கே போலாம்மா, கீழ பாக்கல” என்றார்.

கீழே போனோம். இப்போது அங்கே பூக்கடை, புத்தகக்கடை, காப்பிக்கடை. சிலர் வரிசையாக பியானோ வாசிக்கக் காத்திருந்தார்கள். கடைகளுக்கு நடுநடுவே பார்லோவின் வார்ப்பிரும்புத் தூண்கள் அப்படியே நிற்கின்றன. யாரும் அவற்றைக் கவனிப்பதில்லை, சாய்ந்துகொண்டு போன் பேசுகிறார்கள். அப்பா ஒரு தூணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஐந்து மீட்டர் டேப்பை எடுத்தார். அது இல்லாமல் அவர் வீட்டை விட்டு வெளியே வந்ததில்லை, லண்டனுக்கும் கொண்டுவந்திருந்தார். ஒரு முனையை என்னிடம் கொடுத்து, தூணின் இடது ஓரத்தில் பிடிக்கச் சொன்னார். டேப்பை இழுத்துக்கொண்டு அடுத்த தூணின் இடது ஓரத்துக்குப் போனார். பெட்டி இழுத்து வந்த ஒரு குடும்பம் எங்களுக்காக நின்றது.

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டேப்பைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“பதினாலு அடி,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “எட்டு அங்குலம்.”

டேப்பு சரசரவென்று சுருண்டு அவர் கைக்குள் போனது.